ஈ உட்கார்ந்த கதை

ஜனவரி 9

தங்கச்சிக்கு, உன் அண்ணன் பட்டறை வாசல்ல ஸ்டூல் போட்டு உக்காந்து எழுதுறது. நான் சௌக்கியம். முதுகுவலி என்னைவிட சௌக்கியம், நாளுக்கு நாள் வளருது. நீ எப்படி இருக்கே? மாப்பிள்ளைக்கு அந்த ஊர்க் குளிர் பழகிடுச்சா?

ஃபோன்ல சொல்லாம எதுக்குக் கடிதாசின்னு கேப்பே. ஃபோன்ல நான் வாயத் தொறந்தா "அண்ணா, அடுப்புல பால் வச்சிருக்கேன்"னு வச்சுடுறே. உன் வீட்டுல நாள் பூரா பால்தான் பொங்குது. கடிதாசின்னா தப்பிக்க முடியாது பாரு.

தங்கச்சி, எனக்குத் தூக்கிவாரிப் போட்டுடுச்சு. ஃபோன்ல ஷட்டர் ரிப்பேர்காரங்க ஃபோரம் ஒண்ணு இருக்குன்னு சொன்னேன் இல்ல? நாப்பது நாட்டு ஆளுங்க இருக்குற இடம். நான் வாயால சொல்லுவேன், ஃபோன் எழுதிக்கும், அவனவனுக்கு அவனவன் பாஷையில மாத்திக் குடுத்துடும். அதுல அஞ்சு பேர்தான் அட்மின். நேத்து அஞ்சாவது ஆளா என்னைப் போட்டுட்டாங்க! பள்ளிக்கூடத்துப் பக்கம் மழைக்குக்கூட ஒதுங்காதவன் நான். கடை போர்டைப் பாத்து எழுத்துக் கூட்டினவன். அதான் என் எழுத்து ஒண்ணொண்ணும் போர்டு சைஸ்ல இருக்கு, ஒரு பக்கத்துக்குப் பத்து வரிதான் புடிக்கும். போர்டுன்னதும் ஞாபகம் வருது, நம்ம தெரு மருந்துக் கடைக்காரர் போர்டை மாத்தி மூணு மாசம் ஆச்சு, இன்னும் தப்பான ஃபோன் நம்பர்தான் அதுல இருக்கு. யாரோ ஒரு புண்ணியவான் தூக்கத்துல எந்திரிச்சு எந்திரிச்சு மாத்திரை இல்லன்னு சொல்லிட்டிருக்கான்.

எங்க விட்டேன்? ஆங், அட்மின். வேலை என்னன்னா, எதைப் பின் பண்றதுன்னு முடிவு பண்றது. ஃபோரத்துல பேச்சு ஆத்துத் தண்ணி மாதிரி ஓடிட்டே இருக்கும். ஒண்ணை எடுத்து மேல குத்தி வச்சுட்டா அது நகராது, புதுசா வர்றவன் கண்ணுல மொதல்ல அதான் படும். மூணே மூணு இடம். மொதல் இடத்துல ஃபோரத்துச் சட்டதிட்டம். ரெண்டாவதுல ஸ்பிரிங் அளவுப் பட்டியல். மூணாவதுக்குத்தான் சண்டை.

வெல்டிங் அக்கான்னு ஒருத்தங்க இருக்காங்க, அவங்களும் அட்மின். "அடிபட்டவங்க பக்கம்"னு ஒண்ணு இருக்கு, எந்த வேலையில யாருக்கு எங்க அடின்னு அவங்கவங்களே எழுதுறது, அதை வைக்கணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறாங்க. நான் சொன்னேன், "அக்கா, வாசல்லயே ரத்தத்தைக் காட்டினா எவன் உள்ள வருவான்?" மத்தவங்கள்ல சிலர் நான் எழுதின பக்கத்தைக் கேக்குறாங்க. "ஒத்தை ஆள் ஸ்பிரிங்." ஷட்டர் பைப்புக்குள்ள ஸ்பிரிங் முறுக்க ரெண்டு ஆள் வேணும், ஒருத்தன் பைப்பைக் கவ்வுற ரிஞ்சைப் புடிச்சுட்டு நிக்கணும், ஒருத்தன் போல்ட்டை இறுக்கணும். நான் ரிஞ்சைக் கயித்தால கட்டிட்டுத் தனியாவே முடிப்பேன். அதுல ஈ உக்காந்த கதை ஒண்ணு வரும் பாரு, அது தனிக் கதை, அப்புறம் சொல்றேன்.

மாப்பிள்ளை புதுசா ஷட்டர் கம்பெனியில சேந்தது எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? எப்பவும் போல கீழ ரெண்டு வரி எழுதச் சொல்லு.

உன் அண்ணன், அட்மின் (சிரிக்காதே)


ஜனவரி 28

அட்மின் அண்ணனுக்கு,

சிரிக்காமல் இருக்க முடியவில்லை. விடுதியின் சலவை அறையில் தலையணை உறை தேய்த்துக்கொண்டே உன் கடிதத்தைப் படித்தேன். இரண்டு உறை கருகிவிட்டது. மேற்பார்வையாளர் கேட்டார். "என் அண்ணன் பெரிய ஆள் ஆயிட்டார் சார்" என்றேன். "அதுக்கு ஏம்மா தலகாணிய கொளுத்துற?" என்றார்.

எங்கள் இருவருக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை. குளிர்தான் எலும்பில் குடித்தனம் செய்கிறது. உன் முதுகுக்கு எண்ணெய் தேய்க்கிறாயா, இல்லை கதை மட்டும் தேய்க்கிறாயா?

ஈ உட்கார்ந்த கதையை நீ எனக்குச் சொன்னதே இல்லை. அடுத்த கடிதத்தில் கட்டாயம் சொல். உன் மாப்பிள்ளை என்னைவிட ஆவலாக இருக்கிறார். அந்த ஃபோரத்தில் அவரும் சேர்ந்துவிட்டார். என்ன பெயரில் என்று சொல்ல மாட்டாராம். "மச்சானுக்குத் தெரிஞ்சா, எனக்குப் பதில் எழுதுறதே வேலையா உக்காந்துடுவார்" என்கிறார்.

பதில் போடு.

தங்கச்சி

(கீழே வேறு கையெழுத்தில்)
மச்சான், கூட வேலை பார்த்தவன் நின்னுட்டான், பன்னெண்டு அடி அகல ஷட்டரை என்னை ஒத்தையா முறுக்கச் சொல்றாங்க.
எப்படின்னு சொல்லுங்க, உங்களை விட்டா எனக்கு யாரு வாத்தியார்?


பிப்ரவரி 15

தங்கச்சிக்கு, ஜெயிச்ச கையோட அண்ணன் எழுதுறது. நீங்க ரெண்டு பேரும் நல்லா இருக்கணும், தலகாணி எல்லாம் கருகாம இருக்கணும்.

மூணுக்கு ரெண்டு! ஓட்டு எண்ணினப்ப எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. என் பக்கம் மூணாவது இடத்துல ஏறிடுச்சு. ஒரே நாள்ல ஒன்பதாயிரம் பேர் பாத்திருக்காங்க. நம்ம தெருவுல என் பேச்சைக் கேக்க அந்த மருந்துக் கடைக்காரர் மட்டும்தான் உண்டு, அவரும் காதுல பஞ்சு வச்சிருப்பார்.

ஒரே ஒரு வருத்தம். பக்கம் ரொம்ப நீளமா இருக்கு, குறைச்சாத்தான் பின் பண்ணலாம்னாங்க. நான் வாயத் தொறந்தா நீளம்னு உனக்குத் தெரியாதா? மனசே இல்லாம வெட்டினேன். நம்ம அப்பன்கிட்ட ரிஞ்சு வாங்கின கதை போச்சு, கயிறு விக்கிறவன் கதை போச்சு, ஈ உக்காந்த கதையும் போச்சு. வேலை மட்டும் பதினோரு வரி. பாத்தா முடி வெட்டின பிள்ளை மாதிரி லட்சணமாத்தான் இருக்கு.

வெல்டிங் அக்கா என்னோட பேசுறதில்ல. "அண்ணே, அந்த இடத்துல இருக்க வேண்டியது அது இல்ல"ன்னு ஒரு வார்த்தை மட்டும் போட்டாங்க. தோத்தவங்க அப்படித்தான் சொல்லுவாங்க.

மாப்பிள்ளைக்கு நான் தனியாச் சொல்லணுமா? பெரிய எழுத்துலயே எழுதுறேன்.

எல்லாம் மேல குத்தியிருக்கு, பாருங்க.

ஈ கதைக்கு இந்தத் தாள்ல இடம் இல்ல. அடுத்ததுல.

அண்ணன்


மார்ச் 30

அண்ணனுக்கு,

நீ நலமா? இங்கே நலம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. சலவை அறையில் ஆள் குறைவு, இரண்டு வேலையும் நானே பார்க்கிறேன்.

உன் மாப்பிள்ளை சில நாட்களாக வேலைக்குப் போகவில்லை. வீட்டில்தான் இருக்கிறார்.

ஒன்று கேட்கிறேன். உன் பக்கத்தின் கீழே ஆட்கள் பதில் எழுதுவார்களாமே, அதையெல்லாம் நீ படிப்பாயா? அவர் தினமும் அந்தப் பக்கத்தைத் திறந்து திறந்து பார்க்கிறார். அதனால்தான் கேட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தங்கச்சி


ஏப்ரல் 17

தங்கச்சிக்கு, அண்ணன் எழுதுறது. சுகம்தான். உன் கடிதாசி ஏன் சோத்துக்குள்ள கல்லு மாதிரி இருந்துச்சு? சிரிப்பே காணோம். கீழ மாப்பிள்ளையோட ரெண்டு வரியும் காணோம், தாளைத் திருப்பித் திருப்பிப் பாத்தேன். வேலைக்குப் போகலன்னா என்ன, லீவா? லீவுல இருக்குறவருக்கு மச்சானுக்கு எழுத நேரம் இல்லையாக்கும்?

பதில் எல்லாம் படிப்பியான்னு கேட்டியே. என்ன கேள்வி அது? முந்நூத்திப் பன்னெண்டு பதில் வந்துச்சு. "நன்றி", "சூப்பர்", "குருவே", ஒரே கட்டைவிரல் படம். பக்கம் சந்தை மாதிரி ஆயிடுச்சு. போன வாரம் உக்காந்தேன். ஒவ்வொண்ணா என் கண்ணாலயே படிச்சு, வேண்டாததை என் கையாலயே அழிச்சேன். ஒண்ணு விடல. இப்பப் போய்ப் பாரு, கழுவி விட்ட வாசல் மாதிரி இருக்கு. மாப்பிள்ளைகிட்டயும் காட்டு, மச்சான் எப்படிப் பாத்துப் பாத்துச் செய்யுறான்னு தெரியட்டும்.

அட்மின் வேலைன்னா சும்மாவா?

அண்ணன்


மே 6

அண்ணனுக்கு,

கடிதம் கிடைத்தது. நீயே படித்து, நீயேதான் அழித்தாய் என்று தெரிந்துகொண்டோம். சரி.

இனி அடிக்கடி எழுத எனக்கு நேரம் இருக்காது. நீ நன்றாக இரு.

தங்கச்சி


ஜூன் 12

தங்கச்சிக்கு, அண்ணன்.

அஞ்சு வரிக் கடிதாசி. எண்ணிப் பாத்தேன். ஃபோன் பண்ணினேன், எடுக்கல. மறுநாளும் எடுக்கல. அந்தப் பால் இன்னுமா பொங்குது?

நான் என்ன தப்பு பண்ணினேன்? யோசிச்சு யோசிச்சு ஒண்ணும் புடிபடல. உன் கல்யாணத்துல மாப்பிள்ளையோட செருப்பைத் தொலைச்சது நான்தான்னு தெரிஞ்சுடுச்சா? அதுவா? அதுக்கு இப்ப புதுச் செருப்பே வாங்கி அனுப்புறேன். இல்ல, ஈ கதையைச் சொல்லு சொல்லுன்னு கேட்டும் சொல்லாம இழுக்குறேனே, அதுவா? நேர்ல சொன்னாத்தான் அது நல்லா இருக்கும், கையை ஆட்டி ஆட்டிச் சொல்லணும், அதான்.

திட்டணும்னா திட்டு. ரெண்டு பக்கம் திட்டு. சும்மா மட்டும் இருக்காதே.

சாப்பிடுறியா? அவர் வேலைக்குப் போறாரா?

அண்ணன்


ஜூலை 11

தங்கச்சி,

எப்படி ஆரம்பிக்கிறதுன்னு தெரியல. நல்லா இருக்கியான்னு கேக்க எனக்கு இப்ப வாய் இல்ல.

முந்தாநாள் மருந்துக் கடை ஷட்டரைப் பாதி தூக்கி வச்சிருந்தேன். வெல்டிங் அக்கா கூப்பிட்டாங்க. அஞ்சு மாசமாப் பேசாதவங்க. "அண்ணே, எங்க இருக்கீங்க? உக்காருங்க. உக்காந்துட்டீங்களா? உங்க பக்கத்துல அழிச்சதெல்லாம் குப்பைக் கூடையில கிடக்கும், அதுல ஒரு பதிலை எடுத்து அனுப்பியிருக்கேன். பாத்துட்டுச் சொல்லுங்க."

தொறந்தேன். ஒரு வரி. "இதைச் செய்யாதீங்க, என் கையைப் பாருங்க." கீழ ஒரு படம். துணி சுத்தின வலது கை, கட்டைவிரலும் சுண்டுவிரலும் மட்டும் வெளிய தெரியுது. நடுவுல மூணு இருக்க வேண்டிய இடத்துல துணி தட்டையாக் கிடக்குது. எனக்கு யாரோ ஒரு வெளிநாட்டுக்காரன் கைன்னுதான் தோணுச்சு. ஐயோ பாவம்னேன். நெசமா அப்படித்தான் சொன்னேன், தங்கச்சி. அப்புறம்தான் அந்தக் கைக்கு அடியில கிடந்த தாளைப் பாத்தேன். போர்டு எழுத்து.

எல்லாம் மேல குத்தியிருக்கு, பாருங்க.

என் கடிதாசி. என் கையெழுத்து.

மருந்துக் கடைக்காரர் "என்னய்யா, ஷட்டரு பாதியில நிக்குது"ன்னு கத்துறார், எனக்குக் காதுல விழுது, எந்திரிக்க முடியல. அவரே வந்து தண்ணி குடுத்தார். என்னன்னு கேட்டார். எல்லாத்துக்கும் ஒரு கதை வச்சிருப்பேனே, அன்னைக்கு ஃபோனை மட்டும் அவர் பக்கம் திருப்பிக் காட்டினேன்.

இப்ப உனக்கு ஒரு உண்மை சொல்லணும். ஒவ்வொண்ணாப் படிச்சு அழிச்சேன்னு எழுதினேன் இல்ல? பொய். பெருமைக்குச் சொன்ன பொய். அட்மினுக்கு ஒரு பொத்தான் இருக்கு. இத்தனை வரிக்குக் குறைஞ்ச பதில் எல்லாத்தையும் எடுன்னா ஒரே தட்டுல எடுத்துடும். ரெண்டு வரியும் அதுக்குக் கீழயும் இருக்குறதெல்லாம் நன்றிதான்னு நானா முடிவு பண்ணி அமுக்கிட்டேன். ஒண்ணுகூடப் படிக்கல. இடது கையால அடிக்கிறவனுக்கு ஒரு வரிக்கு மேல வராதுன்னு எனக்கு எப்படித் தெரியும்? தெரியாதுன்னு சொல்லித் தப்பிக்கப் பாக்கல. பன்னெண்டு அடின்னு அவர் கேட்டாரே, அதையாவது நான் படிச்சிருக்கணும். ஜெயிச்ச போதையில அதுவும் கண்ணுல படல.

ஈ கதையைக் கேட்டியே. சொல்றேன். ரொம்ப லேட்டாச் சொல்றேன்.

தரை ஓடும் கழுவுற தொட்டியும் விக்கிற கடை ஒண்ணு, பத்தடி ஷட்டர். நான் வழக்கம் போல ரிஞ்சைக் கயித்தால கட்டிட்டுப் போல்ட்டை இறுக்குறேன், இடது கை பைப்பைத் தாங்குற பிராக்கெட்டு மேல. கடை முதலாளி கீழ நின்னு, "ஏம்பா, ஓடு எதுவும் உடைஞ்சிடாதே?"ன்னு நச்சு நச்சுன்னு கேக்குறார். அப்ப ஒரு ஈ வந்து என் மூக்கு நுனியில உக்காந்துச்சு. வலது கையில ஸ்பானர். சரின்னு இடது கையை எடுத்து விரட்டினேன். அந்த நொடி கயிறு படார்னு அறுந்துச்சு. ரிஞ்சு ஒரு சுத்து சுத்திக் கை இருந்த இடத்துல டங்குனு அடிச்சுட்டு, பறந்து போய் அவர் அடுக்கி வச்சிருந்த தொட்டி ஒன்பதையும் உடைச்சுச்சு. அவர் தொட்டிக்கு அழுறார், நான் ஈயைத் தேடுறேன், கும்பிடுறதுக்கு. அன்னைக்கு முடிவு பண்ணினேன், எட்டடிக்கு மேல ஒத்தை ஆள் கிடையாது, கயிறு தாங்காது, அவ்வளவுதான்.

அந்த எட்டடி கதைக்குள்ளதான் இருந்துச்சு தங்கச்சி. கதையை வெட்டினப்ப அதுவும் போயிடுச்சு. பதினோரு வரியில எட்டடி இல்ல. எனக்குத் தோணவே இல்ல. கதை வேற வேலை வேறன்னு நெனச்சுட்டேன்.

ஓட்டுக் கேக்காம, யாரையும் கேக்காம, என் பக்கத்தை அப்பவே கீழ எறக்கிட்டேன். மத்த அட்மினுங்களுக்குக் கோவம், இருக்கட்டும். மூணாவது இடம் காலியாக் கிடக்கு. அடிபட்டவங்க பக்கத்தை வைக்கலாம்ங்கிறாங்க வெல்டிங் அக்கா. நான் சரின்னேன். மாப்பிள்ளையோட வரியையும் படத்தையும் அதுல மொதல்ல வைக்கவான்னு கேட்டாங்க. "அது என்னுது இல்ல அக்கா, அவர் சொல்லணும்"னேன்.

அவர் சொல்ற வரைக்கும் அந்த இடம் காலியா இருக்கும்.

அண்ணன்


ஆகஸ்ட் 4

அண்ணனுக்கு,

உன் கடிதத்தைக் கிழிக்கத்தான் எடுத்தேன். போர்டு எழுத்தைப் பார்த்ததுமே கை அப்படித்தான் போனது. அவர்தான் "படி, சத்தமாப் படி" என்றார்.

மார்ச் மாதம், அந்தப் பன்னிரண்டு அடி ஷட்டரில் கயிறு அறுந்து நடந்தது. கட்டுப் பிரிக்கும் வரை பொறுக்காமல், கட்டோடேயே உட்கார்ந்து அந்த ஒரு வரியை அடித்தார். இடது கட்டைவிரலால் அரை மணி நேரம். "வாயால சொன்னாலே ஃபோன் எழுதிக்குமே, இல்ல நான் அடிச்சுத் தரட்டுமா?" என்று கேட்டேன். "வேணாம், தொழில்காரன் தொழில்காரனுக்குச் சொல்றது இது, என் கையாலயே அடிக்கணும்" என்றார். உனக்கு நேராக எழுதச் சொன்னேன். "மச்சானுக்கு நேரா எழுதினா மனுஷன் ஒடிஞ்சுடுவார். அங்க போட்டா தானாப் பாத்துட்டு எடுத்துடுவார், சத்தமில்லாம முடிஞ்சுடும்" என்றார். படத்தில் உன் கடிதமும் விழுந்ததை அப்போது நானும் கவனிக்கவில்லை. அதைத்தான் மேசையில் விரித்து வைத்திருந்தார், ஷட்டர் முறுக்கப் போன அன்றிலிருந்து.

பிறகு அந்த வரி காணாமல் போனது. நெடுநேரம் ஃபோனையே பார்த்துக்கொண்டிருந்தார். "மச்சான் பாத்துட்டார்" என்றார். இரண்டு வாரம் கழித்து உன் கடிதம் வந்தது. "ஒவ்வொண்ணா என் கண்ணாலயே படிச்சு" என்ற இடம் வரை அவருக்குப் படித்துக் காட்டினேன். அதோடு மடித்து வைத்துவிட்டேன். கூடப் பிறந்தவன் இப்படியும் செய்வானா என்று எனக்கு மூன்று மாதம் தூக்கம் இல்லை. நீ என் கையைப் பிடித்துச் சாலை கடக்கக் கற்றுக்கொடுத்தவன்.

அந்த மூன்று மாதத்தை உன் பொய் எனக்குக் கொடுத்தது. பொத்தானை அமுக்கியதை மன்னித்துவிடலாம். பெருமைக்குச் சொன்னதை மன்னிக்க இன்னும் நாளாகும். நாளாகட்டும், நீ காத்திரு.

அவர் சட்டைப் பட்டனை நான்தான் போட்டுவிடுகிறேன். கம்பெனியில் அளவெடுக்கும் வேலைக்கு மாற்றியிருக்கிறார்கள். ஒவ்வொரு கடைக்கும் போய், முதலில் அகலத்தை அளந்துவிட்டு, எத்தனை ஆள் வேண்டும் என்று எழுதுவது.

ஒன்று சொல்ல வேண்டும். அந்த ஈ உன் மூக்கில் உட்கார்ந்த இடத்தைப் படித்தபோது அவர் சிரித்துவிட்டார். ஐந்து மாதத்தில் முதல் சிரிப்பு. எனக்கு அழுவதா அடிப்பதா என்று தெரியவில்லை. நான் கேட்ட அன்றே இதைச் சொல்லியிருக்கலாமே அண்ணா.

முதுகு எப்படி இருக்கிறது?

தங்கச்சி

(கீழே, கோணல்மாணலாகப் பெரிய எழுத்தில்)
மச்சான், இடது கை, எழுத்து உங்க எழுத்து மாதிரியே ஆயிடுச்சு.
என் படத்தை வைங்க, அதுக்குக் கீழ ஈ கதையை வைங்க, ஒரு சொல் வெட்டாம.
மூணு வரி எழுதியிருக்கேன், இதை உங்க பொத்தானால அழிக்க முடியாது.